செயலாளர் ஆண்டறிக்கை: மீண்டும் வேலைக்குப் போகும் நம் உறுப்பினர்களின் சம்பளம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, குடும்ப ஓய்வூதியம் பெறும் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. நவம்பரில் நடந்த ஜீவன் பிரமாண் (டிஜிட்டல் உயிர்வாழ் சான்று) முகாமுக்கு நடக்க முடியாதவர்களை இளைய உறுப்பினர்கள் அழைத்து வந்தார்கள், அவர்களுக்கு நன்றி. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார்.

இந்த ஆண்டு சங்கத்துக்கு அதிகம் வந்த கேள்வி ஒன்றுதான்: "பழைய ஆபீசிலேயே கூப்பிடுகிறார்கள், போனால் எவ்வளவு கிடைக்கும்?" அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மத்திய அரசு அலுவலகத்தில் ஒப்பந்த அடிப்படையில் சேருவோருக்கு நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை 2020 டிசம்பர் 9-இல் போட்ட உத்தரவு பொருந்தும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் அடிப்படை ஓய்வூதியத்தைக் கழித்தால் வருவதுதான் மாதச் சம்பளம். 60,400 ரூபாயில் ஓய்வு பெற்றவருக்கு ஓய்வூதியம் 30,200. ஒப்பந்தச் சம்பளமும் 30,200. கம்யூட்டேஷன், அதாவது ஓய்வூதியத்தின் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தத் தொகையாக, வாங்கியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். 40 சதவீதம் கம்யூட் செய்தவருக்குக் கையில் வருவது 18,120தான். ஆனால் கழிப்பது முழு 30,200. நம்மில் பலர் இதைத் தெரியாமல் கணக்குப் போட்டுவிட்டு, முதல் மாதச் சம்பளம் வந்ததும் சங்கத்துக்கு ஓடி வந்தார்கள்.

விலைவாசிக்கு ஏற்ப ஓய்வூதியத்தோடு சேரும் அகவிலை நிவாரணம் நிற்காது; அதுவும் கம்யூட்டேஷனுக்கு முந்தைய முழுத் தொகைக்கே கிடைக்கும். ஒப்பந்தச் சம்பளத்துக்கோ அகவிலைப்படி இல்லை, இன்கிரிமெண்டும் இல்லை. ஆக, அதே நாற்காலி, அதே ஃபைல், பாதிச் சம்பளத்துக்கு மட்டும் விலைவாசி ஏறாது என்று ஆகிறது. இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து.

முன்னாள் படைவீரர்களின் கதை வேறு. அவர்கள் நிரந்தரப் பணியில் மறுநியமனமாகச் சேர்வதால் 1986-ஆம் ஆண்டின் ஊதிய நிர்ணய ஆணை பொருந்தும். 55 வயதுக்குள் ஓய்வு பெற்றவர்களில், அதிகாரி நிலைக்குக் கீழே இருந்தவர்களுக்கு புதிய சம்பளத்தை நிர்ணயிக்கும்போது ராணுவ ஓய்வூதியம் முழுவதையும் கணக்கில் எடுக்கக் கூடாது. அதிகாரிகளுக்கு முதல் 15,000 ரூபாயை விட்டுவிட வேண்டும். 2016-க்கு முன் இது வெறும் 4,000 ஆக இருந்தது.

ஹவில்தாராக ஓய்வு பெற்று ஓர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்த நம் உறுப்பினர் ஒருவருக்கு, "மறுபணியில் இருக்கிறீர்கள்" என்று சொல்லி அகவிலை நிவாரணத்தை நிறுத்திவிட்டார்கள். ஓய்வூதியம் முழுவதையும் விலக்கிவிட்டு, ஊதிய விகிதத்தின் ஆரம்பச் சம்பளத்திலேயே அவருக்குச் சம்பளம் நிர்ணயித்திருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நிவாரணம் உண்டு என்பது 1997 ஜூலையிலிருந்தே உள்ள விதி. அலுவலகத்திடம் சான்று வாங்கி, பி.பி.ஓ. (ஓய்வூதியக் கொடுப்பாணை) நகலோடு மனு அனுப்பினோம். அப்புறம் ஒரு முறை நேரிலும் போய்ப் பேசினோம். நிலுவையோடு வந்தது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவியது என்று அவர் சொன்னபோது நிர்வாகக் குழுவுக்கே மனம் நிறைந்தது.

சரி, இனி வேலைக்குச் சேரும் யாரும் மறுநியமனமா, ஒப்பந்தமா என்று நியமன உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிச் சேர வேண்டாம். உத்தரவைக் கையெழுத்துப் போடும் முன் சங்கத்துக்குக் கொண்டு வந்தால் உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறோம்.

ஒப்பந்தச் சம்பளத்துக்கும் அகவிலைப்படி வழங்கக் கோரும் தீர்மானத்தை இந்தப் பொதுக்குழு முன் வைக்கிறேன். அதையும் இந்த அறிக்கையையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்