பென்னட்டின் கணக்கில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவில் கடை நடத்தும் நம்மவர்கள் அரசியலுக்கு வரலாமா என்று பேச்சு எழும்போதெல்லாம், யாராவது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டபிள்யூ.ஏ.சி. பென்னட்டை உதாரணம் காட்டிவிடுகிறார்கள். அவர் ஹார்டுவேர் கடை வைத்திருந்த கெலோனாவில்தான் நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். அவர் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். 1930இல் இங்கே வந்து கடையை வாங்கினார். 1941இல் பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றத்துக்குப் போனார். கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைக்கு இருமுறை போட்டியிட்டுத் தோற்று, 1951இல் கட்சியை விட்டே வெளியேறினார். அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே அவர் சேர்ந்த சோஷியல் கிரெடிட் கட்சி 19 இடங்கள் பெற, எதிரணியான சி.சி.எஃப். கட்சி 18இல் நிற்க, மாகாண முதல்வரானார். அப்புறம் 20 ஆண்டுகள் அவர் ஆட்சிதான். 1958இல் கப்பல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அரசே படகுப் போக்குவரத்தை நடத்தும் என்று முடிவெடுத்தாரே, அந்தத் துணிச்சலை மனமார மதிக்கிறேன்.

ஆனால் அவருடைய கணக்கை என்னால் ஏற்க முடியவில்லை. மாகாணத்தின் கடன் தீர்ந்தது என்று 1959இல் ஒகனாகன் ஏரியில் மிதவை மேல் கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். நேரடிக் கடன் தீர்ந்தது உண்மை. அரசு நிறுவனங்களின் பெயரில், அரசு உத்தரவாதத்தோடு வாங்கிய கடன் அப்படியே இருந்தது. மனைவி பெயருக்குக் கடனை மாற்றிவிட்டு ‘அடைத்தாயிற்று’ என்று ஒரு கடைக்காரர் வந்தால், அந்தக் கணக்கில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அதைவிடப் பெரிய குறை வடக்கே இருக்கிறது. 1960களின் கடைசியில் பீஸ் நதியில் கட்டி முடித்த அணைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதன் பின்னால் தேங்கிய வில்லிஸ்டன் நீர்த்தேக்கம் 1,700 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஃபின்லே பள்ளத்தாக்கில் ட்சே கே டெனே என்ற பூர்வகுடி மக்களின் வீடுகள், வேட்டைப் பாதைகள், மூதாதையர் புதைகுழிகள் எல்லாம் தண்ணீருக்குள் போயின. அணையின் மின்சாரம் தெற்கே வான்கூவர் வரை ஓடியது. இடம் பெயர்ந்த அந்த மக்களோ பல பத்தாண்டுகள் டீசல் ஜெனரேட்டரை நம்பி வாழ்ந்தார்கள். நட்ட ஈட்டு ஒப்பந்தம் 2009இல்தான் வந்தது.

இனி உங்கள் பத்திரிகையில் பென்னட்டின் வெற்றிக் கதை வந்தால், அதே பக்கத்தில் ட்சே கே டெனே மக்களைப் பற்றியும் நாலு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
கெலோனா, பிரிட்டிஷ் கொலம்பியா