கைப்பிடி அரிசி

காவேரிப்பட்டணம்,
ஞாயிறு மத்தியானம்

கர்த்தருக்குள் அன்பான கண்ணுக்கு அம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். பெங்களூரா காய்க்கு இந்த வருடம் விலையே இல்லை, பெரியப்பா பாதியை மரத்திலேயே விட்டுவிட்டார். செந்தூரா ஒரு பெட்டி கொடுத்தனுப்பினேனே, வைக்கோல் போட்டு வைத்தாயா? அழுகவிட்டுவிடாதே.

மாப்பிள்ளை வந்தது மாம்பழத்துக்காக மட்டும் இல்லை, அது உனக்கும் தெரிந்திருக்கும். வேவு பார்க்க அனுப்பினேன் என்று நினைக்காதே. அப்போஸ்தலன் பவுலும் அத்தேனேயில் தனியாக இருந்துகொண்டு, தாங்க முடியாமல்தானே தன் உடன் ஊழியன் தீமோத்தேயுவைத் தெசலோனிக்கே சபைக்கு அனுப்பினார். ராத்திரியோடு ராத்திரியாக அந்த ஊரைவிட்டு வந்தவர், பிள்ளைகள் நிற்கிறார்களா விழுந்தார்களா என்று தெரியாமல் தவித்திருக்கிறார். அவருக்குத் தீமோத்தேயு நல்ல சேதி கொண்டுவந்தான். என் தீமோத்தேயு வந்து, "நல்லா இருக்கார் அத்தை, சபை பெருசு, ஏசி போட்டிருக்காங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஏசியைக் கேட்கவா நான் ஆளனுப்பினேன்?

நேரத்துக்குச் சாப்பிடு.

பெண்கள் கூட்டத்தில் இப்போது தெசலோனிக்கேயர் முதல் நிருபம் வாசிக்கிறோம். கி.பி. 50-ஐ ஒட்டி எழுதியதாம், நமக்குக் கிடைத்த பவுலின் நிருபங்களில் இதுதான் முதலாவது என்று பலர் சொல்கிறார்களாம். முதல் கடிதத்திலேயே அந்த மனுஷன், நான் எதற்காக உங்களிடம் வந்தேன் என்று விளக்க வேண்டியிருக்கிறது பார். இச்சகம் பேசவில்லை, பொருளாசையோடு மாயம் பண்ணவில்லை, மனுஷரிடம் மகிமை தேடவில்லை. ஒரு இடத்தில் பால் கொடுக்கிற தாய் மாதிரி என்கிறார், நாலு வரி தள்ளி தகப்பன் மாதிரி என்கிறார். உன் அப்பா போனபிறகு இரண்டுமாக இருந்து பார்த்தவள் நான், அதனால் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

ஒருவருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று இரவும் பகலும் வேலை செய்ததாகவும் எழுதுகிறார். கொரிந்துவில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாளோடு கூடாரம் தைத்தவர். தார்ப்பாய் தைத்த கைக்குத்தான் அது தெரியும். ஊசி ஏறாது, விரல் வெடிக்கும், ராத்திரி சோறு பிசையும்போது எரியும். எபேசுவில் அவருடைய உறுமாலையும் கச்சையையும் வியாதிக்காரர் மேல் போடக் கொண்டுபோனார்கள் அல்லவா, அதெல்லாம் வேலை செய்கிறவன் வியர்வை துடைக்கிற துணியாகத்தான் இருந்திருக்கும் என்று நான் சொன்னேன். ஐயரம்மா, நம் போதகர் மனைவிதான், சிரித்தார்கள்.

அதற்காகக் காணிக்கை வாங்காதே என்று நான் சொல்லவில்லை. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்று எழுதினவரும் அவர்தான். கேழ்வரகுக் களத்தில் வளர்ந்த எனக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். தெசலோனிக்கேயில் இருந்தபோதும் பிலிப்பியிலிருந்து ஒரு தடவைக்கு இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார்கள், வாங்கியிருக்கிறார். மறுபடியும் சொல்கிறேன், வாங்காதே என்று சொல்லவில்லை.

ஐயரம்மா போனில் உன் வீடியோவைக் காட்டினார்கள். எத்தனை ஜனம்! பக்கத்தில் இருந்தவர்களிடம் இது என் மகன் என்று கேட்காமலே சொன்னேன். பிறகு உன் தலைக்குக் கீழே அந்தக் கட்டம் போட்ட படம் வந்தது, பணம் போடுகிறது. கூட்டம் முடிகிறவரை அது போகவே இல்லை. "விதை போடுங்கள், நூறத்தனையாக வரும்" என்று நீ சொன்னாய். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அன்றைக்கு உன்னோடு போனில் பேசும்போது, காணிக்கையை யார் எண்ணுகிறார்கள் என்று மட்டும்தான் கேட்டேன். எருசலேம் ஏழைகளுக்குப் பணம் சேர்க்கும்போது, ஒருவரும் குற்றம் சொல்லாதபடிக்கு என்று தீத்துவோடு வேறு சகோதரர்களையும் பவுல் அனுப்பவில்லையா? அதில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். அப்படி இரண்டு பேரை வை கண்ணு. உன் ஆட்களாக இல்லாமல், சபை தெரிந்தெடுத்தவர்களாக வை.

நீ, "அரிசிக் கணக்கு கேட்ட ஆள்தானே நீங்கள்" என்று போனை வைத்துவிட்டாய். நாற்பது நாளாகிறது.

நீ மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். ஒன்பது வயது உனக்கு, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். சமைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு கைப்பிடி எடுத்து வைப்போமே, அந்தக் கைப்பிடி அரிசி மூட்டையில் நாலு படி குறைகிறது, உபதேசியார் வீட்டில்தானே மூட்டை இருக்கிறது என்று சங்கத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டவள் நான். உனக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர், சைக்கிளில் உட்கார வைத்து ஆற்றுப் பாலம் வரை கூட்டிப்போனவர். அவர் பதிலே சொல்லவில்லை. அடுத்த மாதம் மாற்றலாகிப் போய்விட்டார். அரிசி யார் வீட்டுக்குப் போயிற்று என்று அந்த வீட்டு அம்மாள் சாகும் தறுவாயில் என்னிடம் சொன்னாள். வெளியே சொல்லாதீர்கள் என்று அவரிடம் அவள்தான் கெஞ்சியிருக்கிறாள்.

தெசலோனிக்கேயில் பவுல் சொன்னதை மனுஷர் வார்த்தையாக அல்ல, தேவவசனமாகவே ஏற்றுக்கொண்டார்கள். கொரிந்துவிலும் அதே மனுஷன், அதே கை. அங்கே வாங்காமல் இருந்ததே குறையாகிவிட்டது, எங்கள்மேல் பிரியம் இல்லையோ என்கிற மாதிரி. உபாயமாய்ப் பிடித்தானாம், தந்திரக்காரனாம். நான் கொரிந்துக்காரி. உபதேசியாரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், பஸ்சில் இரண்டு மணி நேரம்தான். மாங்காய் முடியட்டும், கல்யாணத் துணி முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால்தான் உன்னிடம் கேட்கும்போது என் குரல் சரியாக வராமல் போயிருக்கும். அவரிடம் கேட்ட குரல் மாதிரியே உனக்குக் கேட்டிருக்கும். ஆனாலும் கேட்பேன், உன்னைச் சந்தேகப்படுகிறவள் தெருவில் ஒருத்தி இருப்பாள் அல்லவா, அவளுக்கு நீ கணக்குக் காட்ட வேண்டும். உபதேசியார் மாதிரி வாயை மூடிக்கொண்டு போகாதே.

வெளிர்நீலத் துணி ஐந்து மீட்டர் எடுத்து வைத்திருக்கிறேன். என் நோட்டில் உன் தோள் பதினேழரை என்று இருக்கிறது, அது நீ ஓசூர் கம்பெனியில் இருந்தபோது எடுத்தது. வீடியோவில் பார்த்தால் அது போதாது போல இருக்கிறது. டேப் வைத்து எடுக்கச் சொல்லி, போன் பண்ணிச் சொல். மாப்பிள்ளையிடம் சொல்லியனுப்பாதே, அவர் தப்பாகச் சொல்லுவார்.

அம்மா