புழு தின்ற இலை

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குக் காரணம் ஒரு கம்பளிப்புழு. சிரிக்காதே. தொட்டிச் செடியில் அதைப் பார்த்ததும் பென்சிலில் கோடு போட்டுவிட்டு, வண்ணம் குழைத்து வருவதற்குள் நான் வரைந்த இலையில் பாதியைக் காணோம். இலையைத் திருத்தினேன். மறுநாள் மீதியும் போயிற்று.

எரிச்சலோடு, 17ஆம் நூற்றாண்டில் செடிகளையும் பூச்சிகளையும் வரைந்த ஜெர்மன் ஓவியர் மரியா சிபில்லா மெரியனின் படங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எத்தனை தடவை பார்த்தவை! அவர் வரைந்த இலைகளில் ஓட்டை இருப்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. அந்தக் காலத்துப் பூப்படங்களில் பூச்சி என்றால் பொட்டு வைத்த மாதிரி ஓர் அழகுக்குத்தான். இந்த அம்மாளோ பதின்மூன்று வயதிலேயே பட்டுப்புழு வளர்த்தவர். எந்தப் புழு எந்தச் செடியைத் தின்னும் என்று பார்த்து, அந்தச் செடியிலேயே புழு, கூடு, சிறகு விரித்த பூச்சி என எல்லாவற்றையும் ஒரே படத்துக்குள் கொண்டுவந்தார்.

1699இல், 52 வயதில், இளைய மகளோடு தென் அமெரிக்காவிலுள்ள சுரினாமுக்குக் கப்பலேறியிருக்கிறார். நாம் அடுத்த ஊருக்குப் போகவே ஆயிரம் யோசிக்கிறோம். உடம்பு முடியாமல் 1701இல் திரும்பிவிட்டார். 1705இல் வந்த புத்தகத்தில் 60 படங்கள். கொய்யாக் கிளையில் பெரிய சிலந்தி ஒன்று குட்டிப் பறவையைத் தின்கிற படத்தைக் கட்டுக்கதை என்று பிற்பாடு சிலர் ஏளனம் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பேட்ஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் அமேசானில் சிலந்தியிடம் பறவைகள் சிக்கியிருந்ததை நேரிலேயே பார்த்தார்.

என்னை உலுக்கியது மெரியனின் மயில்கொன்றைப் படம்தான். படத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, பூவும் புழுவும்தான். கூடவே உள்ள குறிப்பைப் படி. அடிமைப்பட்ட பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாதென்று இதன் விதையால் கருவைக் கலைத்தார்களாம். அவர்களே தன்னிடம் சொன்னதாக எழுதியிருக்கிறார். அன்று வேறு படம் பார்க்க மனம் வரவில்லை.

சரி, என் புழுவுக்கு வருகிறேன். அதன் வெள்ளை மயிருக்கு வண்ணம் கிடையாது. தாளின் வெள்ளையை விட்டுவிட்டுச் சுற்றிப் பச்சை பூச வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் பூசினேன். அப்புறம் பார்த்தால், அது அந்த மயிரையெல்லாம் உதிர்த்துக் கூடு பின்னிக்கொண்டு உள்ளே போய்விட்டது!

வெளியே வரப்போவது என்ன நிறமோ. படத்தில் மேல் மூலையைக் காலியாக விட்டிருக்கிறேன். உன்னிடம் பூஜ்ஜியம் நம்பர் பிரஷ் இருந்தால் உடனே அனுப்பு. என்னுடையது நுனி பிரிந்துவிட்டது.

உன் தோழி