தரம் 11 மாணவர்களின் பெற்றோருக்கு: ஆனந்தாக் கல்லூரியின் வரலாறு குறித்து

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நடந்த பெற்றோர் கூட்டத்தின் பின்னர் ஒரு தந்தையார் என் அறைக்கு வந்து, "ஐயா, எங்கட பிள்ளையள் கொழும்பில இருக்கிற ஒரு பௌத்த பாடசாலையின்ர கதையை ஏன் இவ்வளவு விரிவாகப் படிக்க வேணும்?" என்று கேட்டார். அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அறிந்துகொள்ளக் கேட்டார். அந்தக் கேள்வி உங்களில் வேறு பலரிடமும் இருக்கக்கூடும் என்பதால், அன்று அவருக்கு நின்ற நிலையில் சொன்ன பதிலை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

தரம் 11 வரலாற்றில் தேசிய மறுமலர்ச்சி பற்றிய பகுதி உள்ளது. சைவரிடையே உழைத்த ஆறுமுக நாவலரும் பௌத்தரிடையே உழைத்த ஒல்கொட்டும் முஸ்லிம்களிடையே உழைத்த சித்திலெப்பையும் அதில் அடுத்தடுத்து வருகிறார்கள். பிள்ளைகள் வழமையாக ஆண்டுகளை மனனம் செய்து பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். இம்முறை ஒரு பாடசாலையை மட்டும் எடுத்து, அதன் வாசலில் நின்று அந்தக் காலத்தைப் பார்க்க வைப்போம் என்று வரலாற்று ஆசிரியரும் நானும் தீர்மானித்தோம். அதற்காக ஆனந்தாக் கல்லூரியைத் தெரிந்தெடுத்தோம்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கல்வி வேண்டுமென்றால் பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைக்கே போக வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு சமயமும் பாடசாலையில் இன்னொரு சமயமுமாகப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். 1880 மே மாதத்தில் காலியில் வந்திறங்கிய அமெரிக்கரான ஹென்றி ஸ்டீல் ஒல்கொட், சில நாட்களில் பஞ்சசீலம் என்னும் ஐந்து ஒழுக்க உறுதிகளை ஏற்றுப் பௌத்தராகி, அடுத்த மாதமே கொழும்பில் பௌத்த பிரம்மஞான சங்கத்தைத் தொடக்கி வைத்தார். அச்சங்கத்தின் முயற்சியால் 1886 நவம்பர் 1 ஆம் திகதி புறக்கோட்டை மலிபன் வீதியில் ஒரு வீட்டில் 37 மாணவர்களுடன் ஆங்கில பௌத்த பாடசாலை ஆரம்பமானது. முதல் அதிபர் சி. டபிள்யூ. லெட்பீட்டர் என்ற ஆங்கிலேயர். முப்பத்தேழு பேர் என்பது இன்று நமது ஒரு வகுப்பறையின் தொகை. அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியபோது பிள்ளைகள் திரும்பித் தங்கள் வகுப்பை எண்ணிப் பார்த்ததை நான் கதவருகில் நின்று கண்டேன்.

இப்பாடசாலை வளர்ந்த விதம் எளிதானதல்ல. ஏற்கெனவே ஒரு பாடசாலை இருக்கும் இடத்திலிருந்து கால் மைலுக்குள் புதிதாகத் தொடங்கப்படும் பாடசாலைக்கு அரசாங்க நன்கொடை இல்லை என்றொரு விதி 1890 களில் இருந்தது. நல்ல இடங்களில் எல்லாம் மிஷன் பாடசாலைகள் முன்னரே நின்றதால், அந்த விதி பௌத்தர்களையும் சைவர்களையும் ஒரேவிதமாக நெருக்கியது. அதை எதிர்த்து நின்றவர்களில் ஏ. ஈ. புல்ட்ஜென்ஸ் முக்கியமானவர், பரி. தோமஸ் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜ் சென்று திரும்பி, பௌத்தராகி இப்பாடசாலையின் அதிபரானவர். 1895 இல் மருதானையில் அது ஆனந்தாக் கல்லூரி என்ற பெயரைப் பெற்றது. அவருக்குப் பின் அதிபராக வந்த டி. பி. ஜயதிலக்க பிற்காலத்தில் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையின் சபை முதல்வராக விளங்கினார்.

1918 இல் அதிபரான பி. டி எஸ். குலரத்னவின் காலமே என் பார்வையில் இக்கல்லூரியின் பொற்காலம். ஐரோப்பிய உடைதான் படித்தவனுக்கு அடையாளம் என்றிருந்த காலத்தில் அவர் தேசிய உடையை வலியுறுத்தினார். பிள்ளைகளின் தொகை பெருகியபோது 1925 இல் நாலந்தாக் கல்லூரி தனியாகப் பிரிந்தது. அதன் முதல் அதிபர் பாளி அறிஞர் ஜி. பி. மலலசேகர. 1921 இல் ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகச் சென்ற டி. பி. ஜாயாவும் அதற்கு முன் ஆனந்தாவில் ஆசிரியராக இருந்தவர். பௌத்த பிள்ளைகளுக்கென எழுந்த ஒரு பாடசாலையில் ஒரு முஸ்லிம் ஆசான் மதிக்கப்பட்டுக் கற்பித்தார் என்பதைப் பிள்ளைகள் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். 1927 நவம்பரில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது ஆனந்தாவிலும் பேசினார். அதே பயணத்தில் யாழ்ப்பாணத்திற்கும் வந்தார்.

இக்கல்லூரியின் மரபுகளுள் என்னை மிகவும் கவர்ந்தது அதன் குறிக்கோள் வாசகம்: "அப்பமாதோ அமதபதம்". விழிப்போடிருத்தல் இறவாமைக்கு வழி என்பது அந்தப் பாளித் தொடரின் பொருள். ஒரு மாணவன் அதைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதி, கீழே சிவப்பு மையால் "பொச்சாவாமை" என்று குறித்திருந்தான். ஏன் என்று கேட்டேன். "குறளில 54 ஆவது அதிகாரம், சேர். இரண்டும் ஒன்றைத்தானே சொல்லுது" என்றான். யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தந்தையார் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்ததைவிட நல்ல விடை அந்த அட்டையில் இருக்கிறது.

காலையில் பஞ்சசீலம் ஓதிப் பாடம் தொடங்குவதும், நாலந்தாவுடன் ஆண்டுதோறும் ஆடும் துடுப்பாட்டப் போட்டியும் அங்குள்ள மரபுகள். யாழ்ப்பாணப் பாடசாலைகளின் துடுப்பாட்டப் போட்டியான நமது வடக்கின் பெருஞ்சமரை அறிந்த பிள்ளைகளுக்குப் பின்னதை விளக்கத் தேவையிருக்கவில்லை. 1996 உலகக் கிண்ணத்தை வென்ற அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அங்கே படித்தவர் என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

இனி, உங்களிடம் மறைக்க விரும்பாத ஒன்று. சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கிய 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்திற்காக முன்னின்று குரல் கொடுத்தவர்களுள் ஆனந்தாவின் அதிபராக இருந்த எல். எச். மெத்தானந்தவும் ஒருவர். தம் பிள்ளைகளுக்கு நீதி கேட்டு எழுந்த ஓர் இயக்கத்தின் வழிவந்தவர்கள், அயல்வீட்டுப் பிள்ளையின் மொழிக்கு வந்தபோது அதே நீதியை மறந்தார்கள். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் பாடம் நடத்த நாங்கள் உடன்படவில்லை. அதற்காக முந்தைய பக்கங்களை மறுக்கவும் உடன்படவில்லை. வண்ணார்பண்ணையில் நாவலர் 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதற்கும், மலிபன் வீதியில் 37 பேரோடு ஒரு வீடு திறக்கப்பட்டதற்கும் காரணம் ஒன்றே என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டறியட்டும்.

இத்தவணை முடிவில் கொழும்புக்கு ஒரு கல்விச் சுற்றுலா ஒழுங்கு செய்கிறோம். புறக்கோட்டையில் மலிபன் வீதியைப் பார்த்துவிட்டு மருதானைக்குச் செல்வோம். கல்லூரிக்குள் செல்ல அனுமதி கோரி எழுதியுள்ளோம்; கிடைத்தால் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையில் வரவேண்டும், மதிய உணவு சைவமாக இருக்கட்டும். இத்துடன் இணைத்துள்ள சம்மதப் படிவத்தை நிரப்பி, பிள்ளையின் ஒவ்வாமை, மருந்து விபரங்களையும் குறிப்பிட்டு, வகுப்பாசிரியரிடம் ஒப்படைக்கவும். செலவு பாரமாக இருக்கும் குடும்பத்தினர் தயங்காமல் என்னை நேரில் சந்திக்கலாம். அந்தக் காரணத்தால் ஒரு பிள்ளையும் பின்தங்க விடமாட்டோம்.

அன்புடன்,
அதிபர்