விடையோடு விளக்கமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் சிறுவர் பகுதியில் வெளிவரும் விடுகதைகளையும் சொற்புதிர்களையும் விரும்பிப் படித்துவருகிறேன். அவற்றின் விடைகளை அதே பக்கத்தின் அடியில் தலைகீழாக, ஒற்றைச் சொல்லாக அச்சிடுவதைக் கைவிட்டு, மறுவாரம் விளக்கத்தோடு வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

‘ஒரு கிணற்றில் ஒரே தவளை’ என்பதற்கு ‘நாக்கு’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், இருளும் ஈரமும் நிறைந்த வாயே கிணறு என்பதும், அதற்குள் புரண்டும் துள்ளியும் ஒலியெழுப்புவதே தவளை என்பதும் பல குழந்தைகளுக்குப் பிடிபடாமலே போய்விடும். பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு ‘பிசி’ என்ற பெயரில் 7 யாப்பு வகைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் வைத்த விடுகதைக்கு இந்த ஒப்புமைதான் உயிர். அதைக் காட்டாத விடை அரைகுறையானது என்றே கருதுகிறேன்.

சொற்புதிர்களின் நிலை வேறு. ‘மூன்றெழுத்தில் அலை வீசுவேன், நடுவெழுத்தை எடுத்தால் அசையாமல் கிடப்பேன்’ என்பதற்குக் கடல், கல் என்று கண்டுபிடித்த குழந்தைக்கு வேறு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

சில விடுகதைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் பொருந்துவதும் உண்டு. ‘எடுக்க எடுக்கப் பெரிதாகும்’ என்பதற்குப் பள்ளம் என்பதே வழக்கமான விடை என்றாலும், துளை என்று எழுதும் குழந்தையும் சரியாகவே சிந்தித்திருக்கிறது. அத்தகைய விடைகளையும் வாசகர்களிடமிருந்து பெற்று, பொருந்துபவற்றைச் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்