அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் பெரம்பூர்ல இருக்கேன், ரயில்வேல ரிட்டயர் ஆனவன், வயசு 68. கேன்சர சீக்கிரம் கண்டுபிடிச்சா குணப்படுத்தலாம்னு பேப்பர்ல அடிக்கடி போடறீங்க, நல்ல விஷயம்தான், ஆனா லேட்டா கண்டுபிடிச்ச வீட்லயும் உங்க பேப்பர் வாங்கறாங்க சார், அவங்களுக்காகத்தான் இது.

போன ஐப்பசில என் வீட்டம்மாவுக்கு கண்ணு மஞ்சளாச்சு, உடம்பெல்லாம் அரிப்பு. காமாலைன்னு கீழாநெல்லி அரைச்சு குடுத்துட்டிருந்தேன் நானு. ஸ்கேன் எடுத்தா கணையத்துல கட்டி, லிவர் வரைக்கும் பரவியிருக்கு. அத சொன்ன விதம்தான் எனக்கு இன்னும் ஆறல. பேரு வேணாம், பெரிய ஆஸ்பத்திரி. ரெண்டு பேரும் டோக்கன் வாங்கிட்டு மூணு மணி நேரம் ஒண்ணா உக்காந்திருந்தோம், கூப்புடும்போது மட்டும் "பேஷண்ட் இங்கயே இருங்க, அட்டெண்டர் மட்டும் உள்ள வாங்க"ன்னாங்க. வயிறு அவளுது, ஸ்கேன் அவளுது, அவ வெளிய சேர்ல. உள்ள டாக்டர் "ஆபரேஷன் பண்ற ஸ்டேஜ் தாண்டிடுச்சு, அவங்க கிட்ட சொல்லாதீங்க, மனசு விட்டுடுவாங்க"ன்னு அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டாரு. பித்தக் கல்லு அடைச்சிருக்கு, ஸ்டென்ட்னு ஒரு சின்ன குழாய் வெச்சா சரியாயிடும்னு அவ கிட்ட சொன்னேன். 29சி பஸ்ல அவள உக்கார வெச்சிட்டு பக்கத்து சீட் காலியா இருந்தும் பின்னாடி போய் நின்னுட்டே வந்தேன், மூஞ்சிய காட்ட முடியல.

ஸ்டென்ட் வெச்சு வீட்டுக்கு வந்தப்புறம் அவ ஒரு வேலை ஆரம்பிச்சா பாருங்க, எனக்கு சமையல் சொல்லிக்குடுக்க. சுடுதண்ணி வெக்கத் தெரியாத ஆளு நானு. நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ரசம் நுரைச்சு வந்தவொடனே எறக்கிடணும், கொதிக்க விட்டா கெட்டுச்சு, கேஸ் புக்கு இந்த டப்பால இருக்குன்னு தெனம் ஒண்ணு. நான் மக்கு மாதிரி, போர் அடிக்குது போலன்னு நெனச்சேன். ஒரு நாள் கொத்தமல்லி ஆய்ஞ்சிட்டே "ஏங்க, ரெண்டு பேருக்கும் தெரிஞ்சத ரெண்டு பேரும் எதுக்கு ஒளிச்சு வெச்சிட்டிருக்கோம்"னா. டிஸ்சார்ஜ் சம்மரிய போன்ல போட்டோ எடுத்து, நர்சிங் படிக்கற அவங்க அக்கா பேத்தி கிட்ட கேட்டிருக்கா, மூணு வாரமா தெரிஞ்சிருக்கு. நான் பயந்துடுவேன்னு வலியையும் சேர்த்து மறைச்சிருக்கா, ராத்திரி பாத்ரூம்ல போய் உக்காந்துப்பாளாம், நான் வாயுத் தொல்லைன்னு ஓம வாட்டர் வாங்கிக் குடுத்துட்டிருந்தேன்.

அன்னிக்கு ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதோம், அப்புறம் பசிச்சுது, தோசை ஊத்தினேன்.

அதுக்கப்புறம்தான் சார் வைத்தியமே ஒழுங்கா நடந்துச்சு. வலிக்கு பாக்கற டாக்டர் வேற ஒரு எடத்துல இருக்காருன்னு விசாரிச்சு ரெண்டு பேருமா உள்ள போய் உக்காந்தோம், அவர் அவ கிட்டதான் பேசினாரு. மார்ஃபின் மாத்திரை, காலைல ஆறுல இருந்து நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு, ராத்திரி பத்து மணிக்கு மட்டும் டபுள், கூடவே மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, அது கட்டாயம். அபின்ல இருந்து வர்றதாச்சே, பழக்கமாயிடுமான்னு அவளே கேட்டா, கேன்சர் வலிக்கு டாக்டர் சொன்ன அளவுல குடுத்தா அந்த பயம் தேவையில்லன்னாரு. ஆனா இது தெருமொனை மெடிக்கல்ல கெடைக்காது, நான் ஓட்டேரி வரைக்கும் அலைஞ்சு பாத்துட்டேன். 1985-ல வந்த போதைப்பொருள் சட்டம் அவ்ளோ கெடுபிடி, 2014-ல திருத்தி அங்கீகாரம் வாங்கின ஆஸ்பத்திரிங்க வெச்சுக்கறத சுலபமாக்கியிருக்காங்க, அங்கதான் வாங்கணும். சுகருக்கு வீட்டுக்கே மாத்திரை கொண்டாந்து தர்றாங்களே மக்களைத் தேடி மருத்துவம், 2021-ல ஆரம்பிச்சது, அதுல இந்த மாதிரி நோயாளிகளுக்கான ஆதரவு சிகிச்சையும் உண்டு, நெறைய பேருக்கு தெரியல.

இன்னொண்ணு. வென்டிலேட்டர்ல போடாதீங்கன்னு முன்கூட்டியே எழுதி வெக்க சுப்ரீம் கோர்ட் 2018-லயே வழி விட்டுச்சு, மாஜிஸ்ட்ரேட் முன்னாடி கையெழுத்து போடணும்னு இருந்தத 2023-ல ரெண்டு சாட்சி, நோட்டரி போதும்னு ஆக்கிட்டாங்க. அவளே சொல்லி எழுத வெச்சு கையெழுத்து போட்டா. இப்ப சொல்லுங்க, நோய் என்னன்னே சொல்லலன்னா அந்த கையெழுத்த எப்படி போட முடியும்? பேங்க்ல நாமினி மாத்தினதும் அப்படித்தான், பெங்களூர்ல இருக்கற பையன் கிட்ட "லீவ சேர்த்து வெச்சுக்காதடா, இப்பவே வா"ன்னு சொன்னதும் அப்படித்தான்.

சில பேருக்கு தெரிஞ்சுக்க இஷ்டம் இருக்காது, ஒத்துக்கறேன், அதையும் அவங்கதான சொல்லணும்? "ரிப்போர்ட் வந்திருக்கு, எவ்ளோ தெரிஞ்சுக்கணும், யாரு கூட இருக்கணும்"னு பேஷண்ட் கிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேளுங்க டாக்டர்களே, இதுக்கு மெஷின் எதுவும் வேணாம், ரூம்ல ஒரு சேர் சேர்த்து போட்டா போதும்.

இத எழுதிட்டு அவளுக்கு படிச்சுக் காட்டினேன். எல்லாம் சரி, நேத்து ரசத்துக்கு பெருங்காயம் போட மறந்தத மட்டும் எழுதலியேன்னா. எழுதிட்டேன். மணி பத்தாகப் போகுது, மாத்திரை குடுக்கணும்.

பேரு போட வேணாம்,
பெரம்பூர் வாசகர்