பேத்திக்குப் பாட்டு கிளாஸ் இப்போது வேண்டாம்

அம்மாடி,

பிள்ளையைப் பாட்டு கிளாஸில் சேர்க்கட்டுமா என்று போனில் கேட்டாய், நான் வாயைத் திறப்பதற்குள் குக்கர் விசில் அடித்து நீ வைத்துவிட்டாய், அதனால் எழுதுகிறேன். இப்போது வேண்டாம். நாலு வயதுப் பிள்ளையை சரளி வரிசை என்கிற முதல் பாடத்தில் உட்காரவைத்து, விருந்தாளி வந்தால் "பாடு, பாடு" என்று நிறுத்துவதை நம் தெருவிலேயே பார்க்கிறேன், அப்புறம் அதுகள் பாட்டு என்றாலே எழுந்து ஓடுகின்றன. முதலில் கேட்கப் பழகட்டும்.

பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி 1916இல் இதே மதுரையில்தான் பிறந்தார், அம்மா சண்முகவடிவு வீணை, பாட்டி அக்கம்மாள் வயலின், காதில் தானாக விழுந்திருக்கும். நம் வீட்டில் விழுவது சீரியல் சத்தம்தான்!

அதனால் சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு ஒரே ஒரு பாட்டு போடு. வாரம் முழுக்க அதே பாட்டு, உனக்குத்தான் சலிக்கும், அவளுக்குச் சலிக்காது. வயலின் வரும்போது கையைத் தூக்கச் சொல், மறுநாள் மிருதங்கத்துக்கு. "நல்லா இருக்கா?" என்று கேட்காதே, ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள், "இப்ப யாரு வாசிக்கிறா?" என்று கேள். போனில் போடாதே, மிருதங்கத்தின் இடது பக்கத்துக் கனமான சத்தம் அதில் வரவே வராது, சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கிக்கொள்.

தாளத்தை விளையாட்டாகவே சொல்லிக்கொடுக்கலாம். தொடையில் ஒரு தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், அப்புறம் தட்டி வீசி, தட்டி வீசி, எட்டு எண்ணிக்கை முடிந்தது, அதுதான் ஆதி தாளம். சாப்பு தாளத்துக்கு நம் ஊர்ப்பெயர்களே போதும். ம-து-ரை வா-டிப்-பட்-டி என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே அளவு கொடுத்து விடாமல் சொல்லிப் பார், தகிட தகதிமி, ஏழு, மிஸ்ர சாப்பு வந்துவிடும். மே-லூர் ம-து-ரை என்றால் ஐந்து, கண்ட சாப்பு. பஸ்ஸில் கண்டக்டர் கத்துவது போல அவளைச் சொல்லவிடு, நீ கை தட்டு.

சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு வா, நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டுகிறேன். சீவாளி என்கிற ஊதும் நாணல் துண்டு ஒன்று வாயில் இருக்கும், மாற்றுச் சீவாளிகள் நூலில் தொங்கும், தவில்காரர் ஒரு கையில் விரல்களுக்குக் கூடு மாட்டியிருப்பார், மறு கையில் குச்சி. அதைப் பார்த்தபின் அவளே நூறு கேள்வி கேட்பாள். ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிட்டது, எனக்கே பாதி தெரியாது.

கிளாஸைப் பிறகு பார்ப்போம், அவளாகக் கேட்கட்டும். மாப்பிள்ளையிடம் சொல்லி ரயில் டிக்கெட்டை இப்போதே போட்டுவிடு, திருவிழா நெருங்கினால் பாண்டியனில் இடம் கிடைக்காது.

அப்பா